முயல் நகம்: மல்லாத்திப் போட்டு வெட்டலாமா?

பஞ்சுவால் | ஜூன் 2, காலை 8.40

முயலை மடியில் மல்லாத்திப் போட்டால் சிலை மாதிரி கிடக்கிறது. அந்த நேரத்தில் மளமளவென்று எல்லா நகத்தையும் வெட்டி முடித்துவிடலாம். டவலில் சுற்றுவது, இரண்டு பேர் சேர்ந்து பிடிப்பது எல்லாம் தேவையில்லாத வேலை. முயலும் சுகமாகத் தூங்கிவிடுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

நெடுஞ்செவி | ஜூன் 2, காலை 9.25

அது தூக்கம் இல்லை. பிடிபட்டோம், இனி தப்ப வழியில்லை என்று நினைக்கும் இரைவிலங்கு செத்ததுபோல் கிடக்குமே, அந்த உறைநிலை. அப்படிக் கிடக்கும் முயல்களின் மூச்சு வேகம், இதயத்துடிப்பு, ரத்தத்தில் உள்ள மன அழுத்த ஹார்மோன் எல்லாம் அளந்து பார்த்தாகிவிட்டது. பயந்துபோன விலங்கிடம் என்ன காணப்படுமோ அதுதான் அங்கேயும் காணப்பட்டது. உடம்பு அசையாததால் நம் கண்ணுக்கு நிம்மதியாகத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த உறைநிலை எந்த நொடியில் கலையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளிப்பர் எழுப்பும் ஒரு 'டிக்' போதும். கலைந்த வேகத்தில் முயல் உடம்பை முறுக்கிக்கொண்டு பின்னங்கால் இரண்டையும் சேர்த்து உதைக்கும். முயலின் எலும்புகள் எல்லாம் சேர்ந்தே உடல் எடையில் 7-8 சதவீதம்தான், பூனைக்கு 12-13. ஆனால் பின்னங்கால் தசைக்கு அசாத்திய பலம். பிட்டத்துக்கு அடியில் தாங்கல் இல்லாமல் அந்த உதை விழுந்தால், விசை முழுவதும் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் இறங்குகிறது. அங்கே எலும்பு முறிந்தால் பின்னங்கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர் கட்டுப்பாடும் போய்விடலாம்.

நகம் வெட்டுவது என்றதும் எல்லோரும் பயப்படுவது ரத்தத்துக்கு. ரத்தம் 5 நிமிடத்தில் நின்றுவிடும், முதுகு முறிவு அப்படி இல்லை. அதனால் எங்கே வெட்டுவது என்பதற்கு முன்னால் எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்செவி | ஜூன் 2, மதியம் 1.10

சரி, பிடிக்கும் முறை.

இடம் தரை. மேசை வேண்டாம், குதித்தால் விழும் உயரம் இருக்கக் கூடாது. வழுக்காத விரிப்பு ஒன்று போட்டு, மண்டியிட்டு உட்காருங்கள். இரு முழங்காலையும் சற்று விரித்து, பாதங்களைப் பின்னால் சேர்த்து வையுங்கள். முயல் அந்தத் தொடைகளுக்கு நடுவில், உங்களுக்கு முதுகு காட்டி, நான்கு காலும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். பின்னால் போக முடியாது, பக்கவாட்டில் நகர முடியாது. முன்பக்கத்தை ஒரு உள்ளங்கை மார்பைத் தாங்கி மறைக்கிறது. தொடையால் நெருக்க வேண்டாம், வேலிபோல் இருந்தால் போதும்.

முன்னங்காலுக்கு: மார்பைத் தாங்கும் கையின் இரண்டு விரலால் பாதத்தை ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் முன்னால் உயர்த்துங்கள். பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. முயலின் முன்னங்கால் முன்னும் பின்னும் போகும்; வெளிப்பக்கம் விரிய அதற்கு இடம் குறைவு. முயல் காலைப் பிடுங்கும்போது பாதி நேரம் காரணம் இதுதான், நகம் இல்லை.

பின்னங்காலுக்கு: காலை இழுத்து நீட்ட வேண்டியதே இல்லை. உட்கார்ந்திருக்கும் முயலின் பின்பாதம் தரையில் நீளமாகப் படிந்திருக்கும். விரல் நுனியை மட்டும் ஒரு விரலால் நெம்பித் தூக்கினாலே நகம் வெளியே தெரியும். அப்படியே வெட்டிவிடலாம்.

காதைப் பிடித்துத் தூக்குவது, பிடரித் தோலைப் பிடித்துத் தொங்கவிடுவது இரண்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

மூக்காட்டி | ஜூன் 2, மாலை 6.50

இரண்டு பேர் இருந்தால் இன்னும் சுலபம். ஒருவர் உட்கார்ந்து முயலைத் தன் மார்போடு அணைத்து, ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை தோள்மேல். முயலின் தலை அவர் முழங்கை மடிப்புக்குள் போய்விட்டால் இருட்டில் ஒளிந்த மாதிரி அடங்கிவிடும். இன்னொருவர் வெட்டுகிறார். பிடிப்பவர் பெரியவராக இருக்க வேண்டும். குழந்தைகளிடம் கொடுத்தால், முயல் துள்ளும்போது பயத்தில் கையை விட்டுவிடுவார்கள்.

நெடுஞ்செவி | ஜூன் 2, இரவு 9.05

மேலே சொன்ன அணைப்பில் ஒன்று கவனிக்க வேண்டும்: மூக்கு திறந்திருக்க வேண்டும். முயல் மூக்கால்தான் மூச்சுவிடும். வாயால் மூச்சுவிடும் நிலைக்கு வந்தால் அது அவசர நிலை. முழங்கை மடிப்பில் கண் மறைந்தால் போதும், மூக்கு வெளியே இருக்கட்டும். டவலில் சுற்றும்போதும் இதே விதி. மார்பும் கழுத்தும் இறுகக் கூடாது. கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சு சாதாரணமாக நிமிடத்துக்கு 30-60. அதைவிட வேகமாகி, கண் வெள்ளை தெரிய விழித்தால், டவலை அவிழ்த்து விட்டுவிடுங்கள். மீதி நகம் நாளைக்கு.

பஞ்சுவால் | ஜூன் 3, காலை 7.30

மல்லாத்துவதை விட்டுவிடுகிறேன். ஆனால் 18 நகமும் நிமிர்ந்த நிலையில் ஒரே மூச்சில் முடியுமா?

நெடுஞ்செவி | ஜூன் 3, காலை 7.55

ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நாளைக்கு ஒரு பாதம் போதும். நான்கு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு பாதத்தில் இரண்டு நகத்திலேயே திமிறினால் இரண்டோடு நிறுத்துங்கள். எதை முடித்தோம் என்று காகிதத்தில் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் விட்டுப்போகும். முயல் தோற்கும்வரை பிடித்து வெட்டினால் அடுத்த முறை கிளிப்பரைக் கண்டதுமே ஓடும். அமைதியாக இருக்கும்போதே விட்டால் அடுத்த முறையும் வரும்.

நெடுஞ்செவி | ஜூன் 3, இரவு 8.20

கட்டைவிரல் நகம் பற்றிக் கேட்டு வந்த தனிச்செய்திகளுக்கு இங்கேயே பதில். முன்பாதத்தில் ஐந்து நகம், பின்பாதத்தில் நான்கு. முன்பாதத்தின் ஐந்தாவது, உள்பக்கத்தில் சற்று மேலே முடிக்குள் ஒளிந்திருக்கும். தரையில் படாததால் தேயவே தேயாது. மற்ற நகத்தைவிட வளைந்து வளரும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் வட்டமடித்துத் தோலிலேயே குத்தி இறங்கும். கண்ணால் தேடாதீர்கள், விரலால் தடவித் தேடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் இதிலிருந்தே தொடங்கினால் மறக்காது.

மூக்காட்டி | ஜூன் 4, காலை 10.15

எங்கே வெட்டுவது என்று இன்னும் யாரும் எழுதவில்லை. வெள்ளை நகமென்றால் பிரச்சினை இல்லை. வேரிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கூம்பு தெரியும், அதுதான் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் உள்சதை. அது முடியும் இடத்திலிருந்து 2-3 மி.மீ. தள்ளி வெட்ட வேண்டும். கறுப்பு நகம்தான் சோதனை.

நெடுஞ்செவி | ஜூன் 4, காலை 11.40

கறுப்பு நகத்துக்கு மூன்று வழி, மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நல்லது.

முதலாவது டார்ச். சின்ன எல்இடி டார்ச் அல்லது போன் விளக்கு. மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. நகத்துக்குப் பின்னால், அடிப்பக்கமிருந்து ஒட்டி அடிக்க வேண்டும். அறை சற்று மங்கலாக இருந்தால் உள்சதை இருட்டான நிழலாகவும், நுனி கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவுவதாகவும் தெரியும். அடர்கறுப்பு நகத்தில் இதுவும் கைகொடுக்காது.

இரண்டாவது, அழுத்திப் பார்ப்பது. கிளிப்பரை வெட்டப்போகும் இடத்தில் வைத்து, வெட்டாமல் இலேசாக அழுத்துங்கள். உள்சதை மேல் பட்டிருந்தால் முயல் காலைச் சுண்டி இழுக்கும். ஒரு மி.மீ. நுனிப்பக்கம் நகர்த்தி மறுபடி அழுத்துங்கள். அசைவே இல்லையென்றால் வெட்டலாம். இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு மூன்றாவதில் வெட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் நல்லது. ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் முயல் எதற்கெடுத்தாலும் காலை இழுக்கும் என்பதால் அப்போது இந்தச் சோதனையை நம்ப முடியாது.

மூன்றாவது, சீவிச் சீவி எடுப்பது. ஒரே வெட்டாக வெட்டாமல் ஒரு மி.மீ. ஒரு மி.மீ.யாக. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு வெட்டுமுகத்தைப் பாருங்கள். உலர்ந்து, பொரபொரவென்று இருந்தால் இன்னும் இடம் இருக்கிறது. நடுவில் ஈரப்பசையோடு ஒரு வட்டப்புள்ளி தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்த வெட்டில் ரத்தம்.

இவ்வளவும் செய்தும் சந்தேகம் தீரவில்லையா? கூரான கொக்கி முனையை மட்டும் கிள்ளிவிடுங்கள். விரிப்பில் மாட்டிக் கிழிவதைத் தடுக்க அதுவே போதும்.

நெடுஞ்செவி | ஜூன் 4, மதியம் 12.05

சேர்க்கை: நகத்தைச் சுற்றிய முடிதான் பாதி குழப்பம். ஈரப் பஞ்சால் விரல்முடியைப் பின்னோக்கி நீவிவிட்டால் படிந்துகொள்ளும். நகத்தில் மண்ணோ சிறுநீர்க் கறையோ ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு என்று நினைத்த நகம் பல நேரம் பழுப்புதான்.

பஞ்சுவால் | ஜூன் 5, காலை 9.00

எந்தக் கிளிப்பர்? நாம் நகம் வெட்டுவதே போதாதா?

நெடுஞ்செவி | ஜூன் 5, காலை 9.45

குட்டிக்குப் போதும். வளர்ந்த முயலுக்கு வேண்டாம். நம் நகம் தட்டை, அந்தக் கிளிப்பரும் தட்டை நகத்துக்காகச் செய்தது. முயல் நகம் குழல் மாதிரி உருண்டது; தட்டை வாயில் வைத்து அழுத்தினால் முதலில் நசுங்கும், பிறகு நீளவாக்கில் பிளக்கும். பிளவு வேர்வரை போனால் வலியும் தொற்றும்.

கத்தரிக்கோல் வடிவில், வெட்டும் இடத்தில் அரைவட்டப் பள்ளம் உள்ள சிறு விலங்குக் கிளிப்பர் (பூனைக்கு விற்பதும் இதே) சரியானது. பள்ளத்துக்குள் நகம் உட்கார்ந்துகொள்வதால் வழுக்காது, எங்கே வெட்டுகிறோம் என்பதும் தெரியும். துளைக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் வகை, முயல் காலை இழுக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 5 கிலோவுக்கு மேல் வளரும் பெரிய இனங்களின் பின்னங்கால் நகத்துக்குச் சின்னக் கிளிப்பர் போதாது, நாய்க் கிளிப்பரில் சிறிய அளவு வேண்டியிருக்கும்.

வெட்டுமுகம் சீராக இல்லாமல் நார்நாராக இருந்தால் கூர் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மழுங்கிய கிளிப்பர் உள்சதைக்குத் தள்ளி வெட்டினாலும் நகத்தை நசுக்கி வலிக்க வைக்கும். முயல் "காரணமில்லாமல்" துள்ளத் தொடங்கினால் முதலில் கிளிப்பரைச் சந்தேகப்படுங்கள்.

மூக்காட்டி | ஜூன் 5, மாலை 5.20

நகத்தைத் தேய்த்துக் குறைக்கும் மின் அரவை பற்றி? சத்தம் குறைந்த வகை இருக்கிறது, உள்சதை வெட்டுப்படும் வாய்ப்பும் குறைவு. பழக்கிய முயல்கள் பொறுத்துக்கொள்கின்றன.

நெடுஞ்செவி | ஜூன் 5, மாலை 6.00

பழக்கினால் முடியும், மறுக்கவில்லை. ஆனால் அதிர்வு, சத்தம், சூடு என்று மூன்று தொல்லை ஒன்றாக வருகிறது. முயல் பாதத்தில் நாய் மாதிரி மெத்தை கிடையாது, முழுக்க முடிதான். அந்த முடி சுழலும் முனையில் சுற்றிக்கொண்டால் தோலோடு இழுக்கும். செய்வதென்றால் முடியை ஈரப்படுத்தி ஒதுக்கி, ஒரு தடவைக்கு 2 நொடிக்கு மேல் நகத்தில் வைக்காமல், கிளிப்பரால் வெட்டிய பின் கூர் மழுக்க மட்டும் பயன்படுத்தலாம்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று: தரையில் உப்புத்தாள் ஒட்டினால் நகம் தானாகத் தேயும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. செய்யாதீர்கள். நகம் தேய்வதற்கு முன்னால் பாதத்தின் முடி தேய்ந்து தோல் புண்ணாகும். தோண்ட மண்பெட்டி வைப்பது நல்லது. முன்னங்கால் நகம் ஓரளவு தேயும். பின்னங்காலுக்கும் கட்டைவிரலுக்கும் அது உதவாது.

பஞ்சுவால் | ஜூன் 6, காலை 8.10

கேட்காமல் விட்டது: ரத்தம் வந்துவிட்டால்?

நெடுஞ்செவி | ஜூன் 6, காலை 8.35

வெட்ட உட்காருவதற்கு முன்பே ஸ்டிப்டிக் பவுடர் (ரத்தக் கசிவை நிறுத்தும் பொடி) மூடி திறந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ரத்தம் வந்த பிறகு அலமாரியைத் தேடி ஓடினால் முயல் வீடெல்லாம் ஓடும், ரத்தம் நிற்காது.

சுத்தமான துணியால் நுனியை ஒற்றி எடுங்கள். ஒரு சிட்டிகை பவுடரை நகநுனியில் வைத்து விரலால் அழுத்தி, கடிகாரம் பார்த்து 2 நிமிடம் எடுக்காமல் பிடியுங்கள். "நின்றுவிட்டதா" என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உறைந்தது பிய்ந்து மறுபடி வழியும். நிற்காவிட்டால் புதிய பவுடரோடு இன்னொரு 3 நிமிடம். பவுடர் இல்லையென்றால் கார்ன் ஃபிளாரைத் துணியில் வைத்து அழுத்தலாம். மாவு வெறுமனே அடைப்புதான், அழுத்தம்தான் ரத்தத்தை நிறுத்துகிறது.

பயப்பட வேண்டாம்: முயலுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 55-65 மி.லி. ரத்தம். 2 கிலோ முயலுக்கு 110-130 மி.லி. நகநுனியில் கசியும் சில சொட்டு அதற்கு ஆபத்து இல்லை. 10-15 நிமிடம் அழுத்தியும் நிற்காமல் வழிந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நின்ற பிறகு ஒரு மணி நேரம் சுத்தமான துணி விரித்த இடத்தில் வையுங்கள். மரத்தூள், மண்பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு. அன்றைக்கு வேறு நகம் வெட்டாதீர்கள்.

நெடுஞ்செவி | ஜூன் 6, காலை 9.15

மேலே எழுதியதில் ஒரு எல்லை போட வேண்டும். ஸ்டிப்டிக் பவுடர் நகநுனிக்கு மட்டும்தான். நகம் வெட்டும்போது தோல் கிழிந்திருந்தால் அதில் போடக் கூடாது, எரியும், திசுவையும் பாதிக்கும். தோல் காயத்துக்குச் சுத்தமான துணியின் அழுத்தம், பிறகு மருத்துவர். சில்வர் நைட்ரேட் குச்சி ரத்தத்தை உடனே நிறுத்தும், ஆனால் சுட்டெரிக்கும் தன்மை உடையது. பக்கத்துத் தோலில் பட்டால் கறுத்துப் புண்ணாகும். அதை மருத்துவர் கையில் விட்டுவிடலாம்.

மூக்காட்டி | ஜூன் 7, இரவு 9.30

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு.

நெடுஞ்செவி | ஜூன் 8, காலை 7.20

வாரம் ஒருமுறை பார்ப்பது, 4-6 வாரத்துக்கு ஒருமுறை வெட்டுவது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வீட்டு முயலுக்குச் சரியாக இருக்கும். நாளைவிட நிற்கும் நிலைதான் நல்ல அளவுகோல். முயல் சமதளத்தில் இயல்பாக நிற்கும்போது நகநுனி பாதத்து முடியைத் தாண்டி வளைந்து, விரலைப் பக்கவாட்டில் திருப்புகிறதா என்று பாருங்கள். வழுவழுப்பான தரையில் நடக்கும்போது 'டக் டக்' கேட்டாலும் நேரம் வந்துவிட்டது.

இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்றால், நீண்ட நகம் விரலை மேலே நெம்புகிறது. எடை பாதத்தின் முன்பக்கத்திலிருந்து குதிகாலுக்கு மாறுகிறது. குதிகாலில் மெத்தை இல்லை. முடி உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகி, முற்றினால் எலும்புவரை தொற்று இறங்கும். மெல்லிய முடி உள்ள ரெக்ஸ் இனத்துக்கும், எடை கூடிய முயலுக்கும் இது சீக்கிரம் வரும். நகம் வெட்டும் ஒவ்வொரு முறையும் குதிகாலை விரலால் தடவிப் பாருங்கள். முடியில்லாத சிவந்த திட்டு தென்பட்டால் நகம் மட்டும் வெட்டினால் போதாது.

பஞ்சுவால் | ஜூன் 8, மாலை 4.45

தத்தெடுத்த ஒரு முயலுக்கு உள்சதையே ரொம்ப நீளமாக வந்திருக்கிறது. வெட்ட இடமே இல்லை.

நெடுஞ்செவி | ஜூன் 8, மாலை 5.30

நீண்ட நாள் வெட்டாமல் விட்டால் நகத்தோடு உள்சதையும் வளரும். ஒரேயடியாகக் குட்டையாக்க முயலாதீர்கள். 7-10 நாளுக்கு ஒருமுறை நுனியில் ஒரு மி.மீ. மட்டும் எடுங்கள். நுனி அருகே வர வர உள்சதை மெல்லப் பின்வாங்கும். சில மாதம் பிடிக்கும், ஆனால் நிச்சயம் குறையும்.

முயலுக்கு வயதாகிவிட்டதா என்றும் பாருங்கள். மூட்டுவலி உள்ள முயல் ஓடாது, அதனால் நகம் தேயாது. காலைத் தூக்கினால் வலிக்கும், அதனால் வெட்டவும் விடாது. பல்லைச் சத்தமாக நறநறவென்று கடித்தால் அது வலி. அப்படிப்பட்ட முயலை வற்புறுத்திப் பிடிக்காமல் மருத்துவரிடம் வலிமருந்து பற்றிப் பேசுங்கள். வலி அடங்கியதும் நகம் வெட்டுவதும் எளிதாகிவிடும்.

நெடுஞ்செவி | ஜூன் 9, காலை 10.00

வெட்டி முடித்த பிறகு பலரும் கவனிக்காதது வயிறு. பயமும் பதற்றமும் முயலின் குடலை மந்தமாக்கும். முடிந்ததும் அதற்குப் பிடித்த கீரையோ காய்ந்த புல்லோ வையுங்கள். உடனே வாய்வைத்தால் நல்ல அறிகுறி. அன்று முழுக்கச் சாப்பாட்டையும் புழுக்கையையும் கவனியுங்கள். புழுக்கை சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ எச்சரிக்கை. 10-12 மணி நேரம் எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நகத்தில் வந்த ரத்தத்துக்காக ஓடுபவர்கள் இதற்குத்தான் ஓட வேண்டும்.

மூக்காட்டி | ஜூன் 10, காலை 8.00

கடைசியாக ஒன்று. வெட்டும்போது இல்லை, கம்பியில் மாட்டி நகம் அடியோடு பிய்ந்துவிட்டால்?

நெடுஞ்செவி | ஜூன் 10, காலை 8.40

சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள், பவுடர் வேண்டாம், அங்கே திறந்த சதை இருக்கிறது. பாதி பிய்ந்து தொங்கினால் நீங்களே இழுத்துப் பிடுங்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே விரலெலும்பு மிக அருகில் இருப்பதால் தொற்று அங்கே போக அதிக நாள் ஆகாது. மனிதருக்கான வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வீடு திரும்பியதும் மரத்தூளை எடுத்துவிட்டுத் துணி அல்லது காகிதம் விரித்து, தினமும் இரண்டு முறை விரலைப் பாருங்கள்: வீக்கம், சீழ், காலை ஊன்றாமை எது தெரிந்தாலும் திரும்பப் போக வேண்டும். வேர் சேதமாகாமல் இருந்தால் நகம் மறுபடி முளைக்கும். கோணலாக முளைப்பதும் உண்டு. அந்த ஒரு நகத்தை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனியாகக் கிள்ளிவிட வேண்டியிருக்கும்.